மேற்பார்வைக்கு ஓர் அண்டா

எங்கள் பழப்பாகு ஆலையில் மூன்று அண்டா பாகு அடுத்தடுத்துக் கெட்டது. கண்ணாடிபோல் இருக்க வேண்டிய பாகு, காலையில் மூடியைத் திறந்தால் அடியெல்லாம் சர்க்கரை பூத்து நறநறவென்று கிடந்தது.

மேலாளர் விசாரணையை ஒழுங்காகத்தான் நடத்தினார். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். நல்ல தண்ணீர் என்று பதில் வந்தது. சர்க்கரையை அனுப்பினார், நல்ல சர்க்கரை. மிச்சம் இருந்தது பாகு காய்ச்சும் அக்கா மட்டும்தான். அவளை ஆய்வகத்துக்கு அனுப்ப வழியில்லாததால் வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவானது.

"நாலாவது அண்டாவும் பூத்தா சனிக்கிழமையோட சரின்னு ஒரு கடிதம் போடுய்யா" என்றார். அலுவலக எழுத்தன் நான். எழுதி, முத்திரை குத்திக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா படித்துவிட்டு அடுப்பைத் தணித்தாள்.

"ஏன் தம்பி, அந்தக் கரண்டிய மட்டும் யாரும் பரிசோதனைக்கு அனுப்பலையா?"

எந்தக் கரண்டி என்று நான் கேட்கவில்லை. தினமும் நான்கு மணிக்கு மேலாளர், தம் காப்பிச் சர்க்கரை டப்பாவிலேயே குடியிருக்கும் நீளக் கரண்டியோடு வருவார். ஆறிக்கொண்டிருக்கும் அண்டாவைத் திறந்து மூன்று சுற்றுக் கலக்குவார். அதற்குப் பெயர் மேற்பார்வை.

"தண்ணி கொதிக்கிறப்ப நிறைய சர்க்கரைய வாங்கிக்கும். ஆறினா அவ்வளவு தாங்காது. ஆனா யாரும் சீண்டாம விட்டா பேசாம கெடக்கும். ஒரே ஒரு துணுக்கு சர்க்கரை உள்ள விழுந்துச்சோ, மிச்சமெல்லாம் அதுமேல வந்து ஒட்டி உக்காந்துக்கும்."

"சார்கிட்ட சொல்லிப் பாத்தீங்களா?"

"சொன்னேனே. 'கலக்காம எப்படிம்மா கரையும், எனக்கே பாடம் எடுக்கிறியா'ன்னாரு. எங்க வீட்டுக்காரருக்கும் வேலை இல்ல, தம்பி. இந்த அண்டாவும் பூத்தா எங்க பொழப்பு அவ்வளவுதான்."

அன்று மூன்றரை மணிக்கு அக்கா பாகு அண்டாவை இறுக மூடி, கழுவுமிடத்துக்குத் தள்ளிவிட்டாள். அதன் இடத்தில் இன்னோர் அண்டா நின்றது. அதில் தண்ணீரும், பழச்சாயம் இரண்டு கரண்டியும்.

மேலாளர் வந்தார், கலக்கினார். கரண்டியில் ஒட்டியிருந்த சர்க்கரை சுவடு தெரியாமல் கரைந்து போனது. ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, சப்புன்னு இருக்கு?"

"ஆறினா இனிப்பு ஏறும் சார்."

"அதானே! நானும் அதைத்தான் நினைச்சேன்."

மறுநாள் காலையில் நிஜப் பாகு பளிங்குபோல் இருந்தது. மேலாளர் எச்சரிக்கைக் கடிதத்தைத் தம் கையாலேயே கிழித்தார். "பாத்தியா? நேத்து கொஞ்சம் அழுத்திக் கலக்கினேன். இனிமே தினம் ரெண்டு வேளை. தலைமை அலுவலகத்துக்கும் எழுதிடு, எல்லாக் கிளையிலயும் இதே முறைதான்னு."

எழுதினேன். அதே உறையில் அக்கா சொல்லச் சொல்ல எழுதிய ஒரு வரி விண்ணப்பத்தையும் வைத்தேன்: கூடுதலாக ஓர் அண்டா தேவை; பயன்பாடு: மேற்பார்வை.

மேலாளர் படித்துப் பார்த்து, பெருமையோடு கையெழுத்திட்டார்.