கடைசி வசனம்

“‘யாரும் உள்ள வராதீங்க, ஆபத்து’ன்னு கத்தினானாம்மா! சினிமா ஹீரோவெல்லாம் அவன்கிட்ட பிச்சை வாங்கணும்” என்றார் சூப்பர்வைசர், நாற்காலியின் நுனியில் அமர்ந்தபடி. தொழிற்சாலைத் தொட்டிக்குள் இறங்கிய கணவனை முந்தாநாள் பறிகொடுத்தவள், சுவரோரம் நின்ற வெல்டரை நிமிர்ந்து பார்த்தாள். ஆக்சிஜன் முகமூடி தேடி மாட்டிக்கொண்டு அவனை வெளியே இழுத்துப்போட்ட நண்பன் இவன்தான்.

“அப்படியாண்ணா சொன்னாரு?”

போன ஞாயிறு இதே அறையில் அவளும் கணவனும் வெல்டரும் ஒரு விண்வெளிப் படம் பார்த்தார்கள். தலைக்கவசம் உடைந்து, காற்றே இல்லாத பெருவெளியில் மிதந்த நாயகன், மனைவியிடம் நீட்டி முழக்கி விடைபெற்றான். பார்த்துக்கொண்டிருந்த இவள் அழுதாள். வெல்டர் சிரித்தான்: “காத்தே இல்ல, இவனுக்கு எங்கேருந்துடா இவ்ளோ வசனம்?”

“உன் அறிவியலப் பாத்தா படம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சாகட்டும், விடேன்டா” என்றான் அவள் கணவன்.

இப்போது வெல்டர் ஆம் என்று சொல்லிவிடலாம். ஒற்றைச் சொல், ஆயுள் முழுதும் அவள் பற்றிக்கொள்ள ஒரு கொழுகொம்பு. ஆனால் அச்சொல்லுக்குக் காத்திருந்தவள் அவள் மட்டுமா? ‘ஆபத்தை அறிந்தே இறங்கினான்’ என்று எழுதி முடிக்க நிர்வாகமும் அல்லவா காத்திருந்தது! தீப்பிடிக்காமலிருக்கத் தொட்டியில் நைட்ரஜனை நிரப்பியவர்கள், அதை வெளியேற்றாமல், உள்ளே காற்று உண்டா என்று சோதிக்காமல், மனிதனை இறக்கினார்கள். கதை துயருற்றவளைத் தேற்றட்டும். கொன்றவனைக் காப்பாற்றவும் அதற்கு உரிமை உண்டா?

“ஒண்ணும் சொல்லல தங்கச்சி. நான் தொட்டி வாசல்லதான் நின்னேன், கத்தியிருந்தா கேட்டிருக்கும். அந்த வாயுவுக்கு நாத்தம் கிடையாது. மூச்சு முட்டாது. காத்தை இழுக்கற மாதிரியேதான் இருக்கும். ரெண்டு மூச்சு. விழுந்துட்டான்.”

“துக்க வீட்டுல பேசுற பேச்சாய்யா இது?” சூப்பர்வைசர் எழுந்தேவிட்டார்.

“எங்க கேட்டாலும் இதத்தான் சார் சொல்வேன்.”

அவள் சூப்பர்வைசரைத் திரும்பியும் பார்க்கவில்லை. “படத்துல வர்றவளுக்குக்கூட ஒரு வார்த்தை கெடச்சுதேண்ணா” என்றாள். குரலில் அழுகை இல்லை.

பிறகு அவள் ஒரு மூச்சை இழுத்தாள், விட்டாள். இன்னொன்றை இழுத்தாள், விட்டாள். மூன்றாவதை இழுக்காமல், உதடுகளை இறுக்கிக்கொண்டு, வெல்டரையே பார்த்தபடி இருந்தாள்.