துணைவேந்தர் அறைச் சுவர்

மூன்றாம் செங்கல் வரிசை முடிந்தபோது வகுப்புத் தோழன் அர்கிரிஸ் சிரித்தான்.

"டேய் ஸாஃபிரிஸ், கதவ அடைக்கச் சொன்னா கோட்டை கட்டுற?"

ஸாஃபிரிஸ் கலவையைப் பரப்பினான், கல்லை வைத்தான், கரண்டிப் பிடியால் தட்டினான்.

கிரீஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றின் அந்தப் பல்கலைக்கழகத்தில் கதவை அடைப்பது புதிதல்ல. பிடிக்காத பேராசிரியரின் அறை வாசலில் மாணவர்கள் செங்கல் அடுக்கிவிடுவார்கள். ஆள் உள்ளே இருக்கமாட்டார். வந்து பார்ப்பார், திட்டுவார், வேலையாட்களைக் கூப்பிடுவார். ஒற்றைக்கல் சுவர், ஈரம் காய்ந்திருக்காது. ஓர் உதையில் சரியும். பிறகு எல்லோரும் காப்பி குடிக்கப் போவார்கள்.

இது அந்த மாதிரிச் சுவர் இல்லை. ஸாஃபிரிஸ் கொத்தனார் மகன். இரட்டைக்கல் வைத்தான். நிலையின் இருபுறமும் துளையிட்டுக் கம்பி சொருகினான். சீக்கிரம் இறுகும் சிமெண்டை அப்பா வேலை செய்யும் இடத்திலிருந்து கொண்டுவந்திருந்தான்.

பதினொரு மணிக்குத் துணைவேந்தரின் அந்த அறையில் செனட் கூட்டம் நடக்க வேண்டும். வனவியல் துறையைத் தெசலோனிகிப் பெருநகருக்கு மாற்றும் தீர்மானம். அமைச்சகம் தந்த கெடு இன்றோடு முடிகிறது. கூட்டம் நடக்காவிட்டால் துறை இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கும். ஸாஃபிரிஸுக்கு அந்த ஒரு வருடம் போதும், படித்து முடித்துவிடுவான். பெருநகரில் அறை எடுத்துத் தங்க வீட்டில் வழியில்லை.

ஊருக்கும் வேறு பிழைப்பு இல்லை. புகையிலைக் கிடங்குகள் மூடியபின் அந்தக் கட்டடங்களில்தான் பல்கலைக்கழகம் வந்தது. மூன்று துறைகள், ஒரு நூலகம், கூரை ஒழுகும் அரங்கம். அதைச் சுற்றி வாடகை அறைகள், காப்பிக் கடைகள், இறைச்சி சுடும் கடைகள். வனவியலில்தான் மாணவர்கள் அதிகம். காலையிலேயே கடைக்காரர்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். சிலர் கையில் தடி இருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது.

போலீஸ் வெளிவாசலில் நின்றது. துணைவேந்தர் வாய்திறந்து கூப்பிடாமல் அவர்கள் உள்ளே கால் வைக்கக்கூடாது. சட்டம் அப்படி.

கடைசிக் கல்லை வைத்துப் பூசி முடித்துக் கை துடைக்கும்போது, சுவருக்குப் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"யார் அது?" என்றது ஒரு குரல். "என்ன இது?"

வயதான துணைவேந்தர் வென்தூரிஸ். காலையில் வாசலில் மறிப்பார்கள் என்று பயந்து, முந்தின நாளே வந்து பின்னறை சோபாவில் தூக்க மாத்திரை போட்டுப் படுத்திருக்கிறார்.

ஸாஃபிரிஸ் சம்மட்டியை எடுத்தான். அர்கிரிஸ் அவன் கையைப் பிடித்தான்.

"வைடா கீழ."

"உள்ள ஆள் இருக்குடா."

"இருக்கட்டுமே. பதினொண்ணு தாண்டட்டும், நானே ஒடைக்கிறேன். உள்ள தண்ணி இருக்கு, கக்கூஸ் இருக்கு. என்ன கொறைச்சல் பெரிய மனுசனுக்கு?"

"போன் பண்ணிட்டார்னா?"

"ஒயர அறுத்தாச்சு. உனக்குப் படிப்பு வேணுமா, வேணாமா?"

ஸாஃபிரிஸ் சம்மட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

உள்ளே காலடிகள் தள்ளிப் போயின. ஜன்னல் திறந்தது. போன வருடம் திருட்டுப் போனபின் போட்ட கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து, வென்தூரிஸ் வெளிவாசலைப் பார்த்துக் கத்தினார். பாட்டுச் சத்தத்தில் போலீசுக்கு எதுவும் கேட்கவில்லை. முற்றத்தில் இருந்தவர்களுக்கு முகம் தெரிந்தது.

"அதோ நிக்கிறான்யா, நம்ம சோத்துல மண்ணப் போட்டவன்!"

முதல் கல் கம்பியில் பட்டது. இரண்டாவது உள்ளே போனது. இறைச்சிக் கடை பாண்டெலிஸ் பெட்ரோல் புட்டியின் திரியைக் கொளுத்தி எறிந்தான். ஜன்னல் திரை பற்றிக்கொண்டது. கூட்டம் கை தட்டியது. உடனே இன்னொரு புட்டி போனது.

நடைவழியில் ஸாஃபிரிஸுக்கு முதலில் வாடைதான் வந்தது. பிறகு உள்ளிருந்து சுவரைக் கையால் அறையும் சத்தம். பிறகு இருமல்.

அவன் சம்மட்டியை எடுத்தான். அர்கிரிஸ் குறுக்கே வந்தான்.

"இப்ப ஒடைச்சா எல்லாம் போச்சு! போலீஸக் கூப்பிடுவாருடா!"

"நகரு."

"மாட்டேன். என்ன பண்ணுவ?"

ஸாஃபிரிஸ் சம்மட்டிப் பிடியை அவன் வாயில் இடித்தான். பற்கள் உடைவது கைக்குத் தெரிந்தது. அர்கிரிஸ் உட்கார்ந்து, உள்ளங்கையில் ரத்தத்தைத் துப்பிப் பார்த்தான்.

முதல் அடியில் பூச்சு மட்டும் உதிர்ந்தது. இரண்டாவதிலும் கல் அசையவில்லை. சுவர் அவன் கட்டினபடியே நின்றது. கம்பி எங்கே ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியும். அதைத் தவிர்த்து, நிலையை ஒட்டிக் கீழ்வரிசையில் அடித்தான். உள்ளங்கைத் தோல் பிய்ந்து பிடி வழுக்கியது. சட்டையைச் சுற்றிக்கொண்டு அடித்தான். உள்ளே அறையும் சத்தம் நின்றுவிட்டது.

"ஐயா! தரையோட படுங்க! இந்தப் பக்கம் வாங்க!"

ஒரு கல் உள்ளே விழுந்தது. புகை வெளியே பீறிட்டது. அந்தத் துளைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவன் கணுக்காலைப் பற்றியது. கையின் மேல்தோல் சுருண்டிருந்தது. ஸாஃபிரிஸ் காலை விடுவித்துக்கொள்ளாமலே அடித்தான். கம்பியை வளைத்தான். மண்டியிட்டு, தோளைப் பிடித்து இழுத்தான். செங்கல் முனை கிழவரின் விலாவைக் கிழித்தது. அவர் அலறினார். அலறல் கேட்டதும்தான் ஸாஃபிரிஸுக்கு மூச்சு வந்தது.

முதுகில் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். முற்றத்தில் கூட்டம் விலகவில்லை.

"எறக்குடா அவன! நீ யார் கட்சிடா?" என்றான் பாண்டெலிஸ்.

"செத்துருவாருண்ணே. வழி விடுங்க."

"சாகட்டும்!"

ஒரு தடி ஸாஃபிரிஸின் காதோரம் விழுந்தது. இன்னொன்று கிழவரின் தொடையில். அவன் தலையைக் குனிந்துகொண்டு முட்டித் தள்ளி நடந்தான். நேற்றுவரை அவனுக்குக் கடனுக்குச் சோறு போட்டவர்கள் அவன் இடுப்பில் உதைத்தார்கள்.

வெளிவாசலில் போலீஸ் அதிகாரி எல்லையைத் தாண்டாமல் அந்தப்பக்கமே நின்றார்.

"ஐயா, ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க உள்ள வரலாமா?"

"முதல்ல ஆஸ்பத்திரி!" என்றான் ஸாஃபிரிஸ்.

"நீ வாய மூடு. ஐயா, வரலாமா?"

வென்தூரிஸின் வாய் ஸாஃபிரிஸின் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. சூடான, கருகிய மூச்சு.

"வாங்க," என்றார். "எல்லாரையும் அடிங்க."

கேடயங்கள் நகர்ந்தன. வரிசை ஓடிவந்தது. சாந்து அப்பின கையோடு முன்னால் நின்றவன் ஸாஃபிரிஸ்தான். முதல் லத்தி அவன் முழங்காலில் இறங்கியது. கிழவரைக் கீழே போடக்கூடாது என்று ஸாஃபிரிஸ் மற்ற காலை ஊன்றினான். அடுத்தது அந்தக் காலில் விழுந்தது. அப்போதும் கைகளைப் பின்னால் கோத்தபடியே, மெதுவாக, முகம் தரையில் படும்வரை சாய்ந்தான்.