இருவரும் கையெழுத்துப் போட வேண்டிய கணக்கு

சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்கிய சுமைக்காரர் தன் வீட்டுச் செலவிலிருந்து தன்னைத் தானே கழித்துக்கொண்டது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அன்றிலிருந்து அவரை யாரும் பார்க்கவில்லை. கூலி மட்டும் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்தது. ஆள் சாகவில்லை, ஊரை விட்டு ஓடவில்லை, கடன்காரனுக்குப் பயந்து ஒளியவுமில்லை. அந்த வாரம் மண்ணெண்ணெய் விலையும் ஏறியிருந்ததால் எங்கள் தெருவில் இரண்டையும் சேர்த்தே பேசினோம்.

அவருடைய வீடு எங்கள் வரிசையில் கடைசி. ஒரு அறை, அதை ஒட்டிப் பாதி அறை அளவுக்கு அடுப்படி. சுமைக்காரர், துணிக் கம்பெனியில் பிசிர் வெட்டும் அவர் மனைவி, வலது பாதம் உள்பக்கமாக மடங்கிப் பிறந்த ஒரே மகள். மகளைப் பாப்பா என்றே எல்லோரும் கூப்பிட்டோம். எலும்பு டாக்டர் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நேராக்கிடலாம். ஆனா எலும்பு இறுகுறதுக்குள்ள பண்ணணும். இறுகிட்டா நான் இல்ல, எவன் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கூடவே ஒரு தொகையையும் சொன்னார். குடோன் முழுவதையும் பல தடவை காலி செய்து திரும்ப நிரப்பினால் வரக்கூடிய தொகை அது. சுமைக்காரர் வெளியே வந்து கழுத்துத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "சரி, தூக்கிடலாம்" என்றார். எதைச் சொன்னாலும் அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான்.

சனிக்கிழமை கூலி வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் தரையில் உட்கார்ந்து பணத்தைக் கூறு கட்டுவார்கள். வாடகைக்கு ஒரு கூறு, அரிசிக்கு ஒன்று, டீக்கு ஒன்று, பஸ்ஸுக்கு, சோப்புக்கு, அவரவர் கைச்செலவுக்கு என்று வரிசையாக. கட்டி முடித்தால் சேமிப்புக்கு இடமும் இருக்காது, பணமும் இருக்காது. அந்தச் சமயத்தில்தான் வங்கியிலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் துணிக் கம்பெனி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிசிர் வெட்டுகிறவர்களுக்குச் சிக்கனம் சொல்லிக் கொடுத்தார். "மிச்சமானா சேர்க்கலாம்னு இருந்தீங்கன்னா எந்தக் காலத்துலயும் மிச்சமாகாது. சேமிப்புக்கு முதல்ல எடுத்து வைங்க. அப்புறம் ஒவ்வொரு செலவா தொட்டுப் பாருங்க. இது இல்லாம இருக்க முடியும்னா, வேணாம்னு வாய்விட்டுச் சொல்லுங்க. வாய்விட்டுச் சொன்னாத்தான் மனசு அடங்கும்." எல்லா ஊரிலும் சொல்லுகிற யோசனைதான். அந்த அம்மாள் மேல் தப்பு சொல்ல முடியாது.

கணக்குத் தொடங்கப் போன அன்று அதிகாரி இரண்டு வழி சொன்னார். இருவரில் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கலாம். அல்லது இருவரும் சேர்ந்து போட்டால்தான் எடுக்க முடியும். முதல் வழிதான் வசதி என்றார். "வசதிதான் மேடம், அதுதான் பயமா இருக்கு" என்றாள் மனைவி. "என் தம்பி வாசல்ல வந்து அக்கான்னு நின்னா எடுத்துக் கொடுத்துடுவேன்." சுமைக்காரர், "எனக்குத் தம்பியெல்லாம் வேண்டியதில்ல மேடம். கூட மூட்டை தூக்குறவன் ஒருத்தன் மூக்கைச் சிந்தினா போதும்" என்றார். இரண்டு பேரும் தங்களைத் தாங்களே நம்பாமல் இரண்டாவது வழியில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு வாங்கியவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். பஸ் காசு மிச்சம்.

முதலில் போனது டீ. வீட்டில் இருக்கிற நாட்களில் நாலு மணிக்குக் குடிப்பது. சுமைக்காரர் அந்தக் கூறைத் தொட்டு, "வேணாம்" என்று சொல்லிச் சேமிப்புப் பக்கம் தள்ளினார். மறுநாள் அந்த வீட்டுக்கு நாலு மணி வரவில்லை. சுவரில் ஏறிக்கொண்டிருந்த வெயில் ஒரே தாவாகத் தாவி ஐந்து மணி இடத்தில் போய் நின்றது. பக்கத்து வீடுகளிலெல்லாம் நாலு மணி வழக்கம்போல வந்து போனது. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாப்பா வீட்டுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தால் நடுவைப் பார்க்காமலே விடைக்கு வந்துவிடுவாள். "போகட்டும். ஒரு மணி நேரப் பசி மிச்சம்" என்றாள் அவள் அம்மா. அடுத்து சர்க்கரையை வேண்டாம் என்றார்கள். அதோடு அந்த வீட்டுக்குள் எந்தப் பழமும் இனிக்காமல் போயிற்று. வாசற்படியைத் தாண்டித் தெருவில் நின்று தின்றால் இனித்தது. அடுப்படி பல்பை வேண்டாம் என்றதும் அடுப்படியில் நடுப்பகலிலும் இருட்டுக் கட்டியது. மனைவி வாசனையை வைத்தே அரிசி வெந்ததைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டாள்.

வந்துபோகிறவர்களுக்கு என்று ஒதுக்கிய கூறைத் தள்ளியதுதான் கொஞ்சம் வலித்தது. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவளுடைய அக்காள், பையோடு வந்து எங்கள் வரிசையில் முன்னும் பின்னுமாக நடந்தாள். "இங்கதானே இருந்துச்சு, கடைசி வீடு? வாசல் எங்கங்க?" என்று எங்களைக் கேட்டாள். நாங்கள் கைகாட்டினோம். காட்டிய இடத்தில் அவளுக்குச் சுவர்தான் தெரிந்தது. உள்ளே தங்கைக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இங்கதான் இருக்கேன்" என்று கூப்பிட்டது எங்களுக்கெல்லாம் கேட்டது, அக்காளுக்குக் கேட்கவில்லை. அக்காள் பையை எங்களிடம் கொடுத்துவிட்டு, "வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க" என்று கடைசி பஸ்ஸுக்குப் போனாள்.

அன்றைக்குத் தங்கைக்காரி பிடிவாதமாக டீத்தூள் வாங்கி வந்து காய்ச்சினாள். டீ வந்தது, நாலு மணி வரவில்லை. ஒரு தடவை வேண்டாம் என்று தள்ளியது திரும்பாது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். அதற்கப்புறம் நிறுத்தியிருக்கலாம். ஆனால் வங்கியில் பாதிக்கு மேல் சேர்ந்திருந்தது. பாப்பா பள்ளிக்கூடத்துக்கு மடங்கிய பாதத்தின் வெளிப்பக்கத்தை ஊன்றிப் போய் வந்துகொண்டிருந்தாள். அந்த இடத்தில் தோல் குதிகாலாகவே மாறிவிட்டது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் அழுத்திப் பார்த்து, "சீக்கிரம்" என்றார். ஆகவே அவர்கள் யோசித்து யோசித்து, உயிருக்கு ஆபத்தில்லாத கூறாகப் பார்த்து வேண்டாம் என்றார்கள். பண்டிகைத் துணி போயிற்று. தலையணை போயிற்று, அதோடு கனவும் போயிற்று. சிரிப்பு எந்தக் கூறில் இருந்தது என்று தெரியவில்லை, அதுவும் எதனோடோ சேர்ந்து போயிற்று.

கடைசியில் டாக்டர் சொன்ன தொகைக்கு இன்னும் கொஞ்சம்தான் குறைந்தது. இந்த மழைக்காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்தச் சனிக்கிழமை கூறு கட்டிவிட்டு மனைவி இருட்டு அடுப்படிக்குச் சோறு வடிக்கப் போனாள். சுமைக்காரர் எல்லாக் கூறுகளையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். வாடகையைத் தொட முடியாது, அரிசியைத் தொட முடியாது. தன் பஸ், தன் சாப்பாடு, தன் சோப்பு, தன் வலித் தைலம் எல்லாம் சேர்ந்த கூறு ஒன்று ஓரமாக இருந்தது. தள்ளினால் சாப்பாட்டு ருசி போகும், மிஞ்சிப் போனால் பசி போகும் என்று நினைத்திருப்பார். "எனக்குன்னு எதுவும் வேணாம்" என்றார். "கொஞ்சம் பேசாம இருங்க, நான் வந்துடுறேன்" என்று அவள் அடுப்படியிலிருந்து சொல்லிக்கொண்டே கஞ்சிக் கையோடு ஓடி வந்தாள். கூறு சேமிப்புப் பக்கம் போயிருந்தது. துண்டு தரையில் கிடந்தது. பாப்பா, "அம்மா, அப்பா இங்கதான் இருக்காரு, மூச்சு விடுறாரு. ஆனா மூக்கு எங்கன்னு தெரியல" என்றாள்.

குடோனில் யாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூட்டை தானாக எழுந்து, ஒரு ஆள் உயரத்தில் கொஞ்சம் குலுங்கி, லாரி வரைக்கும் மிதந்து போய் அடுக்கில் உட்கார்ந்தது. மேஸ்திரி மூட்டையைத்தான் எண்ணுவார், முகத்தை என்றைக்கும் எண்ணியதில்லை. "இப்பதான் ஒழுங்கா வேலை செய்யுறான். டீ கேக்குறதில்ல, முதுகைப் புடிச்சுக்கிட்டு உக்காருறதில்ல" என்று முதலாளியிடம் நல்லபடியாகவே சொன்னார். சனிக்கிழமை கூலியை ஒரு மூட்டை மேல் வைத்துவிடுவார். அது சாயங்காலம் அந்த வீட்டுத் தரைக்கு வந்துவிடும். அவள் முன்போலவே கூறு கட்டினாள். அவருக்கும் ஒரு கூறு வைத்து, "வேணும், வேணும்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். தட்டில் வைத்த சோறு வைத்தபடி காய்ந்தது. கட்டிய கூறு கட்டியபடி இருந்தது. கடைசியில் அதையும் வங்கியில்தான் போட வேண்டியிருந்தது.

இதனால் டாக்டர் சொன்ன தொகை சீக்கிரமே சேர்ந்துவிட்டது. அவள் பணம் எடுக்கப் போனாள். அதிகாரி அம்மாள் கணக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "ரொம்ப நல்லாச் சேர்த்திருக்கீங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்." அவள் பக்கத்தில் கையைக் காட்டி, "வந்திருக்காரு மேடம்" என்றாள். அதிகாரி இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். நாற்காலி கனத்தில் முனகியது. பேனா எழுந்து, எழுதிப் பழக்கமில்லாதவர்கள் பிடிப்பதுபோல இறுக்கமாக நின்று, மெதுவாகக் கையெழுத்துப் போட்டது. காகிதத்தில் கொஞ்சம் சிமெண்ட் உதிர்ந்தது. அதிகாரி அதை ஊதிவிட்டுப் பழைய கையெழுத்தோடு ஒத்துப் பார்த்தார். "கையெழுத்து சரியா இருக்கும்மா. ஆனா இவ்வளவு பெரிய தொகைக்கு ஆளை போட்டோவோட ஒத்துப் பார்க்கணும். ஆள் தெரியலையே."

"தெரியலைன்னாலும் இருக்காரு மேடம். தொட்டுப் பாருங்க."

அதிகாரி மேசைக்கு மேல் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். தோளில் மூட்டை உட்காரும் காய்ப்பு அவர் கைக்குத் தட்டுப்பட்டது. கையை எடுத்துக்கொண்டு, "இருக்காரு, இல்லைன்னு சொல்லல" என்றார். "செத்தவங்களுக்கு விதி இருக்கு. காணாமப் போனவங்களுக்கு விதி இருக்கு. இருந்துக்கிட்டே தெரியாதவங்களுக்கு இல்லம்மா. மேல எழுதிக் கேட்கிறேன்." போலீஸில், வாரம் தவறாமல் கூலி கொண்டுவருகிற ஆளைக் காணவில்லை என்று எழுத முடியாது என்றார்கள். கிளினிக்கில், மூச்சு விடுகிறவருக்கு இறப்புச் சீட்டுத் தர முடியாது என்றார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். டாக்டர், "கடனுக்கு வெட்ட ஆஸ்பத்திரி என்னோடது இல்லம்மா" என்றார். தம்பியிடம் போய் நின்றாள். "அக்கா, உன்கிட்ட கேட்கலாம்னு நானே வந்தேன், உன் வாசல் எனக்கும் தெரியல" என்றான் அவன், கையில் எதுவும் இல்லாமல். மேலே எழுதிய கடிதத்துக்குப் பதிலாக, கணக்கை நல்ல முறையில் பராமரிப்பதற்குப் பாராட்டி ஒரு கடிதம் வந்தது.

மழை விட்டது. அடுத்த மழையும் விட்டது. டாக்டர் கட்டைவிரலால் பாதத்தை அழுத்தினார், இன்னொரு தடவை அழுத்தினார், பிறகு விட்டுவிட்டார். "இறுகிடுச்சும்மா. இனிமே பணம் வந்தாலும் வேலை இல்ல." பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்ப வீட்டுக்குப் போகலாமா?" என்றாள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதாள் என்று சொன்னால் அது பொய். கண்ணீரையும் எப்போதோ எந்தக் கூறோடோ தள்ளியிருந்தாள். வாயைத் திறந்து வெறும் காற்றை விட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு பஸ் நிறுத்தத்திலிருந்து வரும்போது, பாப்பா தரையை விட்டு எழும்பினாள். இரண்டு கால்களையும் யாரோ மார்பின் முன்னால் பிடித்திருப்பதுபோல வைத்துக்கொண்டு, ஒரு ஆளின் தோள் உயரத்தில், கொஞ்சம் குலுங்கியபடி தெருவுக்குள் வந்தாள். அம்மா பின்னால் நடந்து வந்தாள். நாங்கள் எழுந்து நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டோம். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான் போனாள். கண்டக்டர் முதல் நாள் ஒரு டிக்கெட்டா இரண்டா என்று யோசித்து, "ஒண்ணு போதும் பாப்பா, மத்தவரு நின்னுக்கிட்டுத்தானே வர்றாரு" என்றார். குடோன் வேலை முடித்துப் பள்ளிக்கூட வாசலில் அவளுக்காக ஒரு இடம் காலியாகக் காத்திருக்கும். பிள்ளைகள் அந்த இடத்தில் மோதிக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள்.

அதிகாரி அம்மாள் மாற்றலாகி, அவருக்குப் பின் வந்தவரும் மாற்றலாகிப் போனார். அந்தக் கணக்கு வட்டிமேல் வட்டியாக வளர்ந்து, கிளையிலேயே பெரிய சிறுசேமிப்பு என்ற பெயர் வாங்கியது. அதைத் தொட வழியில்லாமல் அவள் இன்னும் பிசிர் வெட்டுகிறாள். பாப்பாவும் இப்போது அதே கம்பெனியில்தான் வேலை செய்கிறாள். போகும்போதும் வரும்போதும் தூக்கித்தான் கொண்டுபோகப்படுகிறாள். ஆனால் உயரம் இறங்கிக்கொண்டிருக்கிறது. தோளில் இருந்தவள் சில வருஷங்களில் மார்பு உயரத்துக்கு வந்தாள், பிறகு இடுப்புக்கு. குடோனிலும் மூட்டைகள் தாழத்தான் போகின்றன, மேஸ்திரி கூலியைக் குறைத்துவிட்டார். இறக்கிவிடச் சொன்னால் அப்பா கேட்பதில்லை என்கிறாள் பாப்பா. இப்போதெல்லாம் அவளுடைய நல்ல காலின் விரல்கள் மண்ணை உரசும் அளவுக்கு வந்துவிட்டது. உரசுவது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று முழங்கால்களை மடக்கிக்கொள்கிறாள். சாயங்காலம் அவள் வருகிற நேரத்துக்குத் தெருவில் கிடக்கிற கல்லையும் கட்டையையும் நாங்கள் ஓரமாக எடுத்துப் போட்டுவிடுகிறோம்.