அகரவரிசையில் ஒரு கத்தி

கோபம் வந்தால் குரல் உயரும் மனிதர்களை நாம் எல்லோரும் அறிவோம். சின்னவளுக்குக் கோபம் வந்தால் மரியாதை உயரும். சாதாரணமாக ‘வாங்க அத்தான்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறவள், எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறிவிட்டால் ‘கொஞ்சம் தள்ளி நின்னுக்கிறீங்களாங்க அத்தான்’ என்பாள். எத்தனை ‘ங்க’ விழுகிறதோ அத்தனை சூடு உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது என்பது அவளுடைய அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அக்காவின் கணவருக்கு மட்டும், திருமணமாகி இத்தனை ஆண்டுகள் கழிந்த பிறகும், அது பிடிபடவில்லை. “இந்தக் காலத்துல இவ்வளவு மரியாதையா பேசுற மச்சினி யாருக்குக் கிடைப்பா?” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார்.

அத்தான் நூலகராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். பழகுவதற்கு இனியவர், யாருக்கும் மனத்தாலும் தீங்கு நினைக்காதவர். ஆனால் கலைந்து கிடக்கும் ஒன்றைப் பார்த்துவிட்டால் அவருடைய கைகள் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அக்கா வீட்டு அடுக்களையில் டப்பாக்கள் எல்லாம் அகரவரிசையில் நின்றன. அதன் பயனாக, சமையல் சோடாவும் சலவைச் சோடாவும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. ஒரு முறை சலவைச் சோடா பலகாரத்தில் கலந்து விருந்தாளிகள் வரைக்கும் போய், அக்கா பத்து நாள் அவரிடம் பேசாமல் இருந்தாள்.

இப்படிப்பட்டவரைத் தன் பட்டறைக்குள் விட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் சின்னவளுக்கு வேறு வழி இல்லை.

அவள் கொல்லுவேலை செய்கிறவள். இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்து பிழைப்பு நடந்தது. கத்தியும் கருவியும் செய்து மனம் நிறைந்தது. அக்காவோ ஒரு பெரிய விடுதியில் தலைமைச் சமையல்காரி. அந்த வேலையை விட்டுவிட்டு, வரும் திங்கட்கிழமை சொந்தமாக உணவகம் திறக்க இருந்தாள். சின்னவள் இதுவரை அக்காவுக்குச் செய்து கொடுத்த எதுவும் அக்காவிடம் தங்கியதில்லை. முறுக்கிய பிடி வைத்த கரண்டி, இலை வடிவத்தில் அடித்த கொக்கி, சூடான பாத்திரம் இறக்கி வைக்கும் முக்காலி, எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. “ரொம்ப அழகா இருக்குடி. என்கிட்ட இருந்தா பாழாயிடும். நீயே பத்திரமா வச்சுக்கோ” என்பாள் அக்கா. பட்டறைச் சுவரில் ஆணி அடித்து அவற்றை வரிசையாக மாட்டியிருந்தாள் சின்னவள். வேலை செய்யும்போது நிமிர்ந்தால் அவைதான் கண்ணில் படும்.

இந்தக் கத்தி மட்டும் அந்தச் சுவருக்கு வரக் கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். இரண்டு வகை எஃகை மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் கனியவைத்து, அடித்து ஒன்றாக்கி, நீட்டி, மடித்து, மறுபடியும் அடித்துச் செய்கிற டமாஸ்கஸ் கத்தி. அமிலத்தில் தோய்த்தால் ஒரு வகை எஃகு கறுக்கும். இன்னொரு வகை வெளுப்பாகவே நிற்கும். இரண்டும் சேர்ந்து, ஓடுகிற தண்ணீரைப் போல இழை இழையாகக் கோலம் காட்டும். அதைக் கையில் வாங்கிய யாருக்கும் திருப்பிக் கொடுக்க மனம் வராது என்று அவள் நம்பினாள்.

வழக்கமாகச் சம்மட்டி அடிக்க வருகிறவர் மணிக்கட்டு சுளுக்கி வீட்டில் கிடந்தார். செய்தி கேட்ட அரை மணி நேரத்தில் அத்தான், கோடு போட்ட முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, வாசலில் நின்றார்.

“சம்மட்டிதானே? நான் புத்தகக் கட்டு தூக்காத தூக்கா?”

“உங்களுக்கு எதுக்கு அத்தான் சிரமம்?”

“சிரமமா? வீட்டுல இருந்தாத்தான் சிரமம். உங்க அக்கா தூக்கத்துல ‘நிறுத்து, நிறுத்து, அடி வரைக்கும் போகாதே’ன்னு கத்துறா. பயந்து எழுந்திரிச்சு உட்கார்றேன்.”

“ஐயோ, என்னவாம் அவளுக்கு?”

“உருளைக்கிழங்கு.”

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. அக்காவின் உணவகத்துக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவியாளர்கள் உருளைக்கிழங்கை விசிறி போல நெருக்கமாகக் கீற வேண்டும்; ஆனால் அடிப்பாகம் ஒட்டியபடி இருக்க வேண்டும். அவர்களோ கத்தியை வைத்தால் பலகை வரைக்கும் இறக்கிவிட்டுத்தான் மூச்சு விடுகிறார்களாம். கிழங்கு விசிறியாகாமல் வில்லை வில்லையாக விழுந்துகொண்டிருந்தது. அக்கா பகலில் கத்தியது போதாமல் தூக்கத்திலும் கத்திக்கொண்டிருந்தாள்.

சின்னவள் ஏற்கெனவே தகடுகளை ஒரே அளவாக வெட்டி, துரு போகத் தேய்த்து வைத்திருந்தாள். தேய்த்த பிறகு இரண்டு வகையும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றாகவே தெரியும்; அதனால் ஒவ்வொன்றின் விளிம்பிலும் சாக்பீஸால் எழுதியிருந்தாள். கறுக்கப்போவதற்கு ‘க’, வெளுப்பாக நிற்கப்போவதற்கு ‘வெ’. க, வெ, க, வெ என்று மாற்றி மாற்றி அடுக்கிவிட்டு, கம்பி எடுத்துக் கட்டப்போன நேரத்தில், வாசலில் எரிவாயு உருளைக்காரர் கூப்பிட்டார். அவர் கொண்டுவந்தது வேறு யாருக்கோ உரிய உருளை. அதை அவருக்குப் புரியவைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

உள்ளே வந்தால், மேஜையில் கிடந்த அடுக்கு கல்லில் செதுக்கியதைப் போல முனை பிசகாமல் நின்றது. எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்திருந்தது.

“கொஞ்சம் ஒழுங்கு பண்ணி வச்சேன்மா” என்றார் அத்தான், கையைத் தட்டிக்கொண்டே.

அந்த ஒரு நிமிடம் சின்னவளுக்கு உண்மையாகவே நன்றி சுரந்தது. பரவாயில்லை, மனிதர் உபயோகமானவர்தான் என்று நினைத்துக்கொண்டு, அடுக்கை அப்படியே கம்பியால் இறுக்கிக் கட்டி, ஓரங்களில் பற்றவைத்து, உலைக்குள் தள்ளினாள்.

அந்த நன்றி நெடுநேரம் நிலைக்கவில்லை. சூடேறிய இரும்பின் மேல், தகடுகள் ஒட்டுவதற்காக அவள் வெண்காரத் தூளைத் தூவியபோது, “உப்பு போதுமா பாரு” என்றார் அத்தான். இரும்பு மஞ்சளாகக் கனிந்து, மேலே தூவிய தூள் உருகிக் கொதித்ததும், குறட்டால் பிடித்துப் பட்டடைக்கல்லில் வைத்தாள்.

“முதல் அடி மெதுவா விழணும் அத்தான். ஒட்டணும், அவ்வளவுதான். நான் சுத்தியலைக் கல்லுல ‘டிங்’னு தட்டினா நிறுத்திடுங்க.”

“இதுல என்ன இருக்கு?”

முதல் அடியே கட்டிடம் இடிக்கிற அடி. “மெதுவா அத்தான்!” இரண்டாவது அடி தடவிக்கொடுக்கிற அடி. மூன்றாவது சரியாக விழுந்தது, நான்காவது, ஐந்தாவது... அவள் ‘டிங்’ என்று தட்டினாள். அத்தான் உற்சாகமாக இன்னொரு அடி போட்டார். மறுபடியும் ‘டிங்’. மறுபடியும் அடி.

“நிறுத்துங்க அத்தான்!”

“நீதானேம்மா தட்டித் தட்டிக் கூப்பிட்டே?”

“நான் கூப்பிடலைங்க. தட்டினா நிறுத்தணும்னுங்க, அப்பவே சொன்னேனுங்க.”

“ஓ, அப்படியா? பரவாயில்ல, ரெண்டு அடி கூடத்தானே விழுந்துச்சு” என்றார் அத்தான், மச்சினியின் பணிவில் நெகிழ்ந்துபோய்.

அன்று முழுவதும் இதே கதைதான். நீட்டினார்கள், நடுவில் வெட்டு விட்டு மடித்தார்கள், வெண்காரம் தூவினார்கள், மறுபடியும் அடித்தார்கள். ஒவ்வொரு ‘டிங்’குக்கும் ஓர் அடி உபரியாக விழுந்தது. இடைவேளையில் அத்தான் குறடுகளை உயர வாரியாக மாட்டிவைத்தார். வேண்டிய குறடு கைக்குக் கிடைக்காமல் இரும்பு ஆறிப்போய், மறுபடியும் உலைக்குப் போனது. “தேடி எடுக்கிறப்பதான் ஒழுங்கோட அருமை தெரியும்” என்று விளக்கமும் சொன்னார். சின்னவள் பல்லைக் கடித்த சத்தம், நல்லவேளையாக, உலை இரைச்சலில் கேட்கவில்லை.

அடுத்த நாள்களில் அவள் அவரை எப்படியெல்லாமோ தவிர்த்துவிட்டு, தனியாகவே கத்திக்கு உருவம் கொடுத்தாள். எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, முதுகிலிருந்து கூர் வரைக்கும் ஒரே சரிவாக இழைத்து, உப்புத்தாள் போட்டுக் கண்ணாடியாக்கினாள். இழைகள் எப்படி வந்திருக்கின்றன என்று நடுவில் ஒரு துளி அமிலம் விட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் பொறுமையெல்லாம் சம்மட்டியடித்த நாளிலேயே தீர்ந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில்தான் அமிலத் தொட்டியை எடுத்தாள். மாலையில் அக்கா வருகிறாள். மறுநாள் காலை உணவகத் திறப்பு. வெளியே அழைப்பு மணி அடித்தது.

“அக்கா சாமான் வாங்கப் போயிருக்கா. அதுக்குள்ள நான் பார்த்துடலாம்னு வந்தேன்” என்றார் அத்தான், அன்றைக்கும் ஒரு கோடு போட்ட சட்டையில்.

கத்தி அமிலத்துக்குள் இறங்கியது. சற்று நேரத்தில் வெளியே எடுத்து, கழுவி, துடைத்து, வெளிச்சத்துக்குக் காட்டினாள்.

ஓடுகிற தண்ணீர் இல்லை. இழை இல்லை. கூருக்கு இணையாக ஒரு கறுப்புப் பட்டை. அதற்கு மேல் ஒரு வெள்ளைப் பட்டை. மறுபடியும் கறுப்பு, மறுபடியும் வெள்ளை. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அகலம். சின்னவள் கத்தியைப் பார்த்தாள். அத்தானின் சட்டையைப் பார்த்தாள். மறுபடியும் கத்தியைப் பார்த்தாள்.

“நல்லா எடுப்பா வந்திருக்கே!” என்றார் அத்தான்.

“அத்தான், அன்னிக்கு அந்த அடுக்கை ஒழுங்கு பண்ணினீங்களே. என்ன பண்ணினீங்க?”

“அதுவா? ஒரு க, ஒரு வெ, ஒரு க, ஒரு வெ. குழந்தைங்க கலைச்சுப் போட்ட மாதிரி கிடந்துச்சு. எல்லா ‘க’வையும் கீழ வச்சு, எல்லா ‘வெ’யையும் மேல வச்சு, சரியான அகரவரிசையில…”

“நீ எதுக்கு அதைத் தொட்டே?”

‘ங்க’ இல்லை, ‘அத்தான்’ இல்லை, வெறும் ‘நீ’. சொன்ன வாயைப் பொத்திக்கொண்டாள் சின்னவள். பொத்திய விரல்களுக்கிடையில் அழுகை பொங்கியது. புதிதாக அடிக்க ஒரு பகல் கூட இல்லை. நூறு இழை வர வேண்டிய இடத்தில், மொத்தக் கறுப்பும் மொத்த வெளுப்பும் மடிந்து மடிந்து சட்டைத் துணி வந்து நிற்கிறது. சுவரில், முக்காலிக்குப் பக்கத்தில், ஆணிக்கு இடம் வேறு காலியாக இருக்கிறது.

“என்னை நீன்னு சொல்லிட்டியேம்மா” என்றார் அத்தான் மெல்ல. அவர் முகம் வாடவில்லை, மலர்ந்திருந்தது. “இப்பத்தான் என்னை உன் வீட்டு மனுஷனா நினைச்சிருக்கே.”

இந்த மனிதரை என்னதான் செய்வது?

அக்கா கைகள் இரண்டிலும் பைகளோடு வந்து சேர்ந்தபோது, சின்னவள் கத்தியை ஒரு துணியில் சுற்றி, பலகைக்குக் கீழே வைத்திருந்தாள்.

“எங்கடி கத்தி?”

“இல்லக்கா, அது தப்பாப் போச்சு. அப்புறமா வேற செஞ்சு தரேன்.”

“காட்டேன். நான் என்ன உன் பரீட்சைப் பேப்பரையா திருத்தப்போறேன்?”

கொடுத்தாள். அக்கா வாங்கி எடை பார்த்தாள். கட்டைவிரலால் கூரைக் குறுக்காகத் தடவிப் பார்த்தாள். பிறகு பட்டைகளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“அழகா இழை இழையா வரணும்க்கா. அத்தான் அடுக்கை மாத்திட்டாரு. நீ வச்சிட்டுப் போ, நானே…”

“சும்மா இருடி.”

பையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்துப் பலகையில் வைத்தாள் அக்கா. கத்தியை இறக்கினாள். கறுப்புப் பட்டை கிழங்குக்குள் மறைந்தது. வெள்ளைப் பட்டை மறைந்தது. அடுத்த கறுப்பின் ஓரம் தோலைத் தொட்ட இடத்தில் நிறுத்தினாள். பக்கத்தில் இன்னொரு கீறல். அதே இடத்தில் நிறுத்தம். கடகடவென்று கீறிவிட்டு, கிழங்கை விரலால் நெருடியபோது அது விசிறியாக விரிந்தது. அடி ஒட்டியே இருந்தது.

அவள் கணவரைப் பார்த்தாள். “இங்க வாங்க. இன்னொரு கிழங்கை நீங்க வெட்டுங்க. வெள்ளைப் பட்டை உள்ள போய் முடிஞ்சதும் நிறுத்தணும்.”

அத்தான் கத்தியை வாங்கினார். நிறுத்து என்ற சொல்லுக்கு வாழ்நாளில் கட்டுப்பட்டறியாத அந்தக் கை இறங்கியது. வெள்ளை மறைந்ததும் நின்றது. மறுபடியும் இறங்கியது, மறுபடியும் நின்றது. கடைசிக் கீறல் வரைக்கும் ஓர் அடி கூட உபரியாக விழவில்லை.

சகோதரிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இவரே நிறுத்துறாருன்னா, என் ஆளுங்க நிறுத்த மாட்டாங்களா?” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, கத்தியைத் துடைத்து, அதே துணியில் இறுக்கமாகச் சுற்றி, தன் தோள்பையின் அடியில் வைத்து, பையின் வாயை இழுத்து மூடினாள். “இன்னும் நாலு வேணும்டி. இதே மாதிரி. ஒரு பட்டை கூடக் குறையக் கூடாது.”

“இதேவாக்கா? நான் அந்த நெளி நெளியா…”

“நெளியறத வச்சு நான் எதைடி அளக்குறது?”

“அன்னிக்கே சொன்னேன், ஒழுங்கோட அருமை தெரியும்னு” என்றார் அத்தான்.

சின்னவள் அன்றிரவு மகிழ்ச்சியாகத்தான் தூங்கப்போனாள். ஆனால் அந்த மகிழ்ச்சியில் செருப்புக்குள் புகுந்த மணல் போல ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை ஆண்டுகளில் அக்காவிடம் தங்கிய முதல் பொருள். அதில் இரும்பு அவளுடையது, வியர்வை அவளுடையது, கூர் அவளுடையது. கோலம் மட்டும் அத்தானுடையது.

திறப்புவிழாக் கூட்டம் ஓய்ந்த மறுநாள், அவள் புதிதாகத் தகடு வெட்டித் தேய்த்து, விளிம்பில் எழுத்துப் போட்டாள். பழக்க தோஷத்தில் கை க, வெ, க, வெ என்று அடுக்கிக்கொண்டே போயிற்று. பிறகு நின்றது. அவளே ‘க’வை ஒரு பக்கமும் ‘வெ’யை ஒரு பக்கமும் பிரித்து வைத்துவிடலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அத்தான் ஓரமாக உட்கார்ந்து, திருகாணிகளை நீள வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

“அத்தான், இங்க வா. வந்து இத அடுக்கு.”

அத்தான் திருகாணியைக் கீழே போட்டுவிட்டு, கவலையோடு அவள் முகத்தைப் பார்த்தார்.

“என்னம்மா, மரியாதையெல்லாம் குறையுது? என் மேல கோவமா?”