கையில் என்ன இருக்கு?

எங்கள் விளையாட்டில் கடவுளும் நான்தான், நீதிபதியும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் புதுக்கோட்டையில் என் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லேமினேஷன் மேஜையைச் சுற்றி மூன்று பேர் உட்காருவோம். நான், நர்ஸ் வேலை பார்க்கும் ஷீபா, செல்போன் பழுது பார்க்கும் கவியரசன். அவர்கள் இருவரும் ஆளுக்கொரு கற்பனை ஆளைத் தாளில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த ஆளுக்கு எவ்வளவு உடல்வலு, எவ்வளவு புத்தி, என்ன மந்திரம் தெரியும், பையில் என்னென்ன சாமான், எல்லாம் அதில் இருக்கும். நான் கதை சொல்வேன். குகை வரும், பூதம் வரும், பாதியில் உடைந்த பாலம் வரும். தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று அவர்கள் சொல்வார்கள். அது நடக்குமா என்பதை இருபது முகம் உள்ள பகடை முடிவு செய்யும்; பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. பகடையாலும் முடியாத இடத்தில் நான் முடிவு செய்வேன்.

முடிவு செய்தால் செய்ததுதான். விதிப்புத்தகத்தில் இல்லாத கேள்வி வந்தால், நான் சொல்லும் தீர்ப்பை ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பேன். அடுத்த முறை அதே நிலைமை வந்தால் அதே தீர்ப்பு. கெஞ்சினாலும் மாறாது. ஒரு தடவை ஷீபா ஆறு மாதம் வளர்த்த வில்லாளியை ஒரு பள்ளத்தில் சாகடித்தேன். அவள் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு அதில் உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. நாற்பத்தொரு வயதுக்காரனுக்கு வேறு எதில் பெருமை இருக்கிறது? நாளெல்லாம் ஆதார் அட்டைக்கு நகல் எடுத்துக் கொடுப்பவன் நான்.

தீர்ப்புச் சொல்லும் முன் நான் தவறாமல் ஒன்று கேட்பேன். "கையில என்ன இருக்கு?" ஆள் மலையிலிருந்து விழுந்தாலும் சரி, தீயில் மாட்டினாலும் சரி, முதலில் அந்தக் கேள்விதான். ஏனென்றால் கையில் ஒரு போர்வை இருந்தாலே கணக்கு மாறிவிடும். அவர்கள் என்னைக் கேலி செய்ய இதையே எடுத்துக்கொள்வார்கள். நான் டீ கேட்டால் ஷீபா, "கையில என்ன இருக்கு?" என்பாள்.

கவியரசனுக்குச் சொந்த ஊர் கடலோரத்துக் கட்டுமாவடி. வாரம் முழுக்க இங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பான். இருபத்தைந்து வயது, ஒல்லி, அடங்காத வாய். சாதாரண வீரனை அவன் உருவாக்கியதே இல்லை. வலை வீசிச் சண்டை போடும் குள்ளன், பூதங்களுக்குச் சமைத்துப் போட்டே மயக்கும் மந்திரவாதி, வாள் தூக்கத் தெரியாத ஆனால் எதையும் கட்டி இழுக்கத் தெரிந்த கயிற்றுக்காரன், இப்படித்தான் வருவார்கள். விதியின் இரண்டு வரிகளுக்கு நடுவில் சந்து இருந்தால் அதில் அவன் ஆள் புகுந்துவிடுவான். வாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் கேள்வி வரும். "அண்ணே ஒரு ரூல்" என்று ஆரம்பித்தால் எனக்கு மண்டை காய்ந்துவிடும். ஒரு பதில் சொன்னால் மூன்று எதிர்க்கேள்வி போடாமல் விடமாட்டான்.

அந்தக் கோக்குமாக்கில் பாதி அவன் தம்பி ஆத்மநாதனுடைய மூளை. அது எனக்கு வெகுநாள் தெரியாது. ஆத்மநாதன் பத்தாவதோடு நின்றுவிட்டுக் கடலுக்குப் போகிறவன். போன தைப்பொங்கலுக்குத் துணி எடுக்க வந்தவன், அண்ணனோடு கடைக்கு வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நாங்கள் விளையாடுவதைப் பார்த்தான். அன்று கவியரசனின் கயிற்றுக்காரன் வெள்ளத்தில் விழுந்துவிட்டான். நான் வழக்கம்போல், "கையில என்ன இருக்கு?" என்றேன். கவியரசன் தாளைப் பார்த்து முழித்தான்.

ஸ்டூலில் இருந்தவன் மெதுவாக, "காலி கொடம் ஒண்ணு எழுதியிருக்கேல்ல" என்றான்.

"கொடத்த வச்சு என்னடா பண்றது?"

"கவுத்துப் புடிச்சுக்கிட்டா மெதக்கலாம். கயிற இடுப்புல கட்டிக்கிட்டா கை சோந்தாலும் போகாது. நாங்க கேன வச்சு அப்புடித்தான் பண்ணுவோம்." பிறகு என்னைப் பார்த்து, "தப்பா சொல்லலையேண்ணே?" என்று கேட்டான்.

தப்பில்லை என்றேன். நோட்டிலும் எழுதினேன். அவன் போகும்போது பகடையை ஒரு தடவை உருட்டிப் பார்க்கக் கேட்டான். பதினெட்டு விழுந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே போனான்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. சொல்ல எனக்கே அருவருப்பாக இருக்கிறது. கடையில் மெஷின் பேப்பரைத் தின்றுகொண்டிருந்தது. எதிரே ஒருவர் காதுகுத்து பேனரில் தன் மச்சான் படம் சின்னதாகிவிட்டது என்று அரை மணி நேரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மதியம் இரண்டரை மணி, நான் சாப்பிட்டிருக்கவில்லை. போனில் வாட்ஸ்அப் செய்தி வந்தது. கவியரசன்.

"அண்ணே ஒரு ரூல். உடல்வலு 14. நீச்சல் நல்லா தெரியும். நடுக்கடல்ல விழுந்து மூணு மணி நேரம் ஆச்சு. பொழைக்க சான்ஸ் இருக்கா? ரூல்படி சொல்லுங்க. சீக்கிரம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன ஞாயிறு அவன் ஆள் ஒரு கப்பலில்தான் இருந்தான். கப்பல் புயலில் மாட்டிய இடத்தில் ஆட்டத்தை நிறுத்தியிருந்தோம். அடுத்த வாரத்துக்கு இப்போதே சந்து தேடுகிறான் என்று நினைத்தேன். மை ஒட்டிய விரலால் தட்டினேன்.

"சான்ஸே இல்ல. மூணு மணி நேரத்துக்கு எத்தன தடவ பகடை உருட்டணும் தெரியுமா? ஒண்ணுல தோத்தாலும் போச்சு. செத்தவன் செத்தவன்தான். புது ஆளு போடு."

இரண்டு நிமிடம் கழித்து, "சரிண்ணே" என்று வந்தது.

அவ்வளவுதான். எதிர்க்கேள்வி இல்லை. ஒருநாளும் சரி என்று சொல்லாதவன் சரி என்கிறானே என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தொல்லை விட்டது என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மச்சான் படத்தைப் பெரிதாக்கினேன்.

மறுநாள் மதியம் ஷீபா கூப்பிட்டாள். ஆத்மநாதனின் ஃபைபர் படகு முந்தைய நாள் காலையில் காற்றில் கவிழ்ந்துவிட்டதாம். கூடப் போனவரை வேறு படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். இவன் கிடைக்கவில்லை. பொழுது விடிந்த பிறகு தெற்கே, மணமேல்குடிப் பக்கம் உடல் ஒதுங்கியிருக்கிறது.

"எத்தனை மணிக்குக் கவுந்துச்சு?" என்று கேட்டேன்.

"பதினொண்ணு, பதினொன்னரை இருக்கும்ங்கிறாங்க. ஏன் சேரண்ணே?"

நான் வாட்ஸ்அப்பைத் திறந்து என் செய்தியைப் பார்த்தேன். பதினொன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவே மூன்று மணி நேரம். அந்தச் செய்தியை அழித்துவிடலாம் என்று விரல் போனது. நீல டிக் விழுந்த செய்தியை அழித்து என்ன ஆகப்போகிறது?

துக்கத்துக்கு நான் போகவில்லை. கடையில் கல்யாணப் பத்திரிகை வேலை நெருக்குகிறது என்று ஷீபாவிடம் பொய் சொன்னேன். அவள் மட்டும் போய்விட்டு வந்து, கடை வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"இடுப்புல கயிறு கட்டியிருந்தானாம். கயித்தோட இன்னொரு நுனியில எண்ணெய்க் கேன். நல்ல முடிச்சு. உடனே போன உசுரு இல்லண்ணே, சாயந்தரம் வரைக்கும் இருந்திருக்கலாம்னு பேசிக்கிறாங்க." கொஞ்சம் நின்று, "ஒங்கள எங்கன்னு கவி கேட்டான்" என்றாள்.

அன்று முதல் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன். சாப்பிட்டேன், நகல் எடுத்தேன், சில்லறை கொடுத்தேன். ஆனால் நாளெல்லாம் ஒரே ஒரு யோசனை. அன்று நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். பதினோரு வருஷமாக யார் எதைக் கேட்டாலும் கேட்கிற கேள்வியை, நிஜமாகவே ஒருவன் கடலில் கிடந்த அன்று மட்டும் கேட்காமல் விட்டேன். கேட்டிருந்தால் கவியரசனுக்குக் கேன் ஞாபகம் வந்திருக்கும், நம்பிக்கையை விட்டிருக்க மாட்டான். கடலில் போகிற படகில் கேன் இல்லாமலா இருக்கும்? அவனுக்கு இது தெரியுமா, தெரிந்தால் என்னிடம் வந்து கேட்பானா என்பதுதான் என் பயம். கேட்கமாட்டான், அந்த அவசரத்தில் அனுப்பியதையே மறந்திருப்பான் என்று கேவலமாக ஒரு ஆசையும் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரியாக இரண்டு மணிக்குக் கவியரசன் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தான். மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. ஷீபா எழுந்து இடம் விட்டாள். அவன் தன் இடத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தான்.

பெயர்: ஆத்மநாதன். உடல்வலு 14. நீச்சல், வலை, கயிறு. சாமான் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

"கவி, இன்னைக்கு வேணாமே" என்றாள் ஷீபா.

"இல்லக்கா. ஒரே ஒரு ரூல்தான்." என்னைப் பார்த்தான். கோபமே இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நடுக்கடல்ல விழுந்துட்டான். மூணு மணி நேரம் ஆச்சு. சான்ஸ் இருக்காண்ணே?"

"கவி, அன்னைக்கு எனக்குத் தெரியாதுடா. சத்தியமா நான் வெளையாட்டுன்னு..."

"தெரியும்ணே. தெரியாதுன்னு தெரியும். நீங்க கேக்க வேண்டியதக் கேளுங்க."

கேட்காமல் எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அவன் காத்துக்கொண்டே இருந்தான்.

"கையில என்ன இருக்கு?" என்றேன்.

"கேன்." பேனாவை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தில் எழுதினான். "காலி எண்ணெய்க் கேன் ஒண்ணு. நாலு முழம் கயிறு." மூடியைத் திருகிப் பேனாவைப் பைக்குள் வைத்தான். "இப்பச் சொல்லுங்க."

நான் விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இல்லை என்று எனக்குத் தெரியும். பகடையை எடுத்தேன். பதினெட்டு விழுந்த அதே பகடை. ஏதாவது ஒரு சின்ன எண் விழட்டும், அவன் எப்படியும் பிழைத்திருக்க மாட்டான் என்று ஆகட்டும், எல்லாருக்கும் நிம்மதி என்று நினைத்தேன். ஒரு செத்த பையன் இன்னொரு தடவை சாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் எவ்வளவு மட்டமான ஆள் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"பகடை எதுக்குண்ணே?" என்றான். "நோட்டுல இருக்கே."

நோட்டை அவனே அலமாரியிலிருந்து எடுத்து, பக்கம் தேடி என் பக்கமாகத் திருப்பி வைத்தான். ஜனவரி மாதத் தேதி, என் கையெழுத்து.

"வாசிங்கண்ணே."

"கவி..."

"நீங்கதானே சொல்வீங்க, எழுதுனது மாறாதுன்னு. வாசிங்க."

வாசித்தேன். "காலிக் குடத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டவன் மூழ்கமாட்டான். பகடை தேவையில்லை. யாராவது தேடி வரும் வரை மிதப்பான்."

ஷீபா வாயைப் பொத்திக்கொண்டாள். கவியரசன் தலையாட்டினான், ஆட்டத்தில் தீர்ப்பு தனக்குச் சாதகமாக வந்தால் ஆட்டுவது போலவே.

"எல்லாப் படகும் வடக்க தேடப் போச்சுண்ணே" என்றான். "தெக்க போனது நாங்க ஒரு படகுதான். சேதி வந்ததும் இங்கருந்து பைக்ல ஓடிப்போயி நானும் ஏறிட்டேன் அதுல. கரை தெரியிற தூரம், சிக்னல் இருந்துச்சு. இன்னும் அங்கிட்டுப் போவமா திரும்புவமான்னு என்னைத்தான் கேட்டாங்க, கூடப் பொறந்தவன்னு. எல்லாரும் சாமியக் கூப்புடுறாங்க. எனக்குப் பகடையில விழுற மாதிரி ஒரு நம்பர் வேணும் போல இருந்துச்சு. கண்ணுல தண்ணி, கை ஆடுது. தம்பின்னு எழுத வரல. ரூலுன்னு எழுத வந்துச்சு."

தன் போனை எடுத்து மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

"ஒங்க பதில் வந்துச்சு. திருப்பச் சொன்னேன்."

நான் அழ ஆரம்பித்தேன். அவன் அழவில்லை. மேஜைக்கு அடியில் இருக்கும் தாள் கட்டிலிருந்து, ஆள் விவரம் எழுதாத அச்சுத் தாள் ஒன்றை உருவினான். தம்பியின் தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் புதுத் தாளை வைத்தான். பக்கத்தில் பென்சிலை வைத்தான்.

"புது ஆளு போடுன்னு சொன்னீங்கல்ல" என்றான். "எங்க ஆத்தா தெனமும் வாசல்ல நிக்குதுண்ணே. போடுங்க."

பென்சிலை எடுத்தேன். பெயர் என்று அச்சடித்திருந்த கட்டத்தில் முனையை வைத்தேன். அதற்கு மேல் என் கை நகரவில்லை. அவன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.