கோட்டுக்கு மேலே ஒருவர்

பெற்றவர்கள் எங்கள் பேராசிரியருக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் ஆய்வகத்தில் அவர் கோடு சார். இதயம் நின்று, மார்பை அழுத்தி மீட்கப்பட்டவர்களின் மூளை எவ்வளவு சேதப்பட்டிருக்கிறது என்பதை இரத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்பது அவருடைய ஆராய்ச்சி. மூளையின் நரம்பணுக்கள் செத்தால் ஒரு புரதம் இரத்தத்தில் கசியும். மூன்றாம் நாள் அதை அளந்து, அறுபதைத் தாண்டினால் ஆள் கண் விழிக்க மாட்டார் என்று வரைபடத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். இதுவரை நாற்பத்தொன்பது நோயாளிகள். கோட்டுக்கு மேலே போன ஒருவர்கூட எழுந்ததில்லை. அந்தப் படத்தை அவர் போனில் வைத்துக்கொண்டு, பேரக்குழந்தையின் போட்டோவைக் காட்டுகிறவர் மாதிரி எல்லோருக்கும் காட்டுவார்.

ஏன் ஒருவர்கூட எழவில்லை என்று நான் யோசித்ததில்லை. நான் லேப் டெக்னீஷியன். இருபத்திரண்டு வருடமாக இரத்த டியூபைச் சுழற்றி, மேலே தெளிகிற சீரத்தைப் பிரித்து, எண்ணை எழுதிக் கொடுக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரரே சொல்வார்.

நான்கு மாதத்துக்கு முன்னால் எங்கள் மருத்துவமனைக்குக் காற்றுக் குழாய் வந்தது. வார்டில் டியூபை ஒரு குப்பியில் போட்டுப் பொத்தானை அழுத்தினால், சுவருக்குள்ளேயே பாய்ந்து முப்பது நொடியில் லேபில் வந்து 'தொப்' என்று விழும். முன்பெல்லாம் வார்டு ஊழியர் நடந்து கொண்டுவருவார். ஏழு நிமிடம் ஆகும். இயக்குநர் ரிப்பன் வெட்டி, முதல் குப்பியில் தன் விசிட்டிங் கார்டை அனுப்பினார். அதற்கு எந்தச் சேதமும் இல்லை.

இரத்தத்துக்குத்தான் சேதம். குலுங்குகிற குலுங்கலில் சிவப்பணுக்கள் உடைந்துபோயின. சுழற்றினால் வைக்கோல் நிறத்தில் தெளிய வேண்டிய சீரம் ரோஜா நிறத்தில் வந்தது. வம்பு என்னவென்றால், மூளையில் இருக்கிற அதே புரதம் சிவப்பணுவுக்குள்ளும் இருக்கிறது. அணு உடைந்தால் எண் எகிறும். முதல் வாரமே கோடு சாரிடம் போய்ச் சொன்னேன்.

"சீரம் செவந்து வருது சார். வேற ரத்தம் எடுக்கச் சொல்லணும்."

"ஏம்மா, நிறம் பாத்து எடுக்க இது என்ன துணிக்கடையா? படிவத்துல நிறத்துக்குக் கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்பறம் என்ன? எண்ணைக் குடுங்க."

கொடுத்தேன். நான்கு மாதமும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன். முணுமுணுத்தாலே கடமை முடிந்தது என்று நினைக்கிற ஜாதி நான்.

ஐம்பதாவது ஆள் ஒரு பஸ் டிரைவர். டிப்போவில் சுருண்டு விழுந்தவரை, கூட வேலை செய்கிறவர்கள் மாற்றி மாற்றி மார்பை அழுத்திக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்றாம் நாள் எண் நூற்று நான்கு. கோடு சாருக்குத் தலைகால் புரியவில்லை. மாநாட்டுக்கான போஸ்டரில் ஐம்பது நோயாளிகள் என்று போன வாரமே அச்சடித்து வைத்திருந்தார்.

மதியம் இரண்டு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டரம்மா கீழே வந்தார். சின்ன வயசு. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"ரிசல்ட் பேப்பரைக் குடுங்கக்கா. நாலு மணிக்கு அவர் வீட்டம்மாகிட்ட பேசணும். வென்டிலேட்டரை எடுத்துடலாமான்னு கேக்கணும்."

"இந்த எண்ணைப் பாத்தா எடுக்கறீங்க?"

"மயக்க மருந்து இன்னும் முழுசா இறங்கல. டார்ச் அடிச்சா கண்பாப்பா சுருங்கத்தான் செய்யுது. ஆனா நூத்தி நாலு வந்திருக்கே. கோட்டுக்கு மேல போனவங்க யாரும் எழுந்ததில்லையேக்கா."

எனக்குச் சுரீரென்றது. கோட்டுக்கு மேலே போனால் இயந்திரத்தை எடுக்கிறார்கள். இயந்திரத்தை எடுத்தால் ஆள் போய்விடுகிறார். ஆள் போய்விட்டதால் கோடு சரி. கோடு சரி என்பதால் அடுத்தவருக்கும் எடுக்கிறார்கள். இதை வைத்து உலகத்தில் எந்தக் கோட்டைப் போட்டாலும் சரியாகத்தானே இருக்கும்!

ரோஜா நிறத்தில் இருந்த டிரைவரின் டியூபை எடுத்து அவர் கண் முன்னால் வெளிச்சத்தில் பிடித்தேன். "இது மூளை இல்ல டாக்டர். குழாய். உங்க கையால இன்னொரு தடவை ரத்தம் எடுங்க. நான் வந்து வாங்கிக்கறேன்."

டாக்டரம்மா டியூபை வாங்கிப் பார்த்துவிட்டு வார்டுக்குப் படியேறினார்; நானும் பின்னாலேயே போனேன்.

வார்டு வாசல் பெஞ்சில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் கணவரின் செருப்பு, பாலித்தீன் பையில். புது டியூபோடு நான் வெளியே வந்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னொரு டெஸ்டாம்மா? காலையில எடுத்தது சரியில்லையா?"

"அது குலுங்கிடுச்சு. இதை நானே கொண்டுபோறேன்."

லிஃப்டை நம்பவில்லை. நான்கு மாடியும் படியில் இறங்கினேன், எண்ணெய்க் கிண்ணம் ஏந்தியவள் போல. எதிரே வந்த கோடு சார் கையை நீட்டி மறித்தார். "குழாய் இருக்கும்போது எதுக்கு நடக்கறீங்க?" பதில் சொல்ல நின்றால் கை ஆடும் என்று சொல்லாமலே போனேன்.

சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிந்தது. எண் இருபத்தேழு.

"ரெண்டாவது ரத்தம் நம்ம நெறிமுறையிலயே இல்ல," என்றார் கோடு சார். "முதல் எண்தான் செல்லும்."

"ஆய்வுக்குச் செல்லட்டும் சார். அந்த ஆளுக்கு எது செல்லும்?"

நான்கு மணிப் பேச்சை டாக்டரம்மா ரத்து செய்தார். ஆறாம் நாள் டிரைவர் கண்ணைத் திறந்தார். எட்டாம் நாள் தொண்டைக் குழாயை எடுத்ததும் கரகரத்த குரலில் கேட்ட முதல் கேள்வி, "என் வண்டிய யாரு எடுத்தா?" என்பது. வார்டே சிரித்தது. கோடு சார் மட்டும் சிரிக்கவில்லை. படத்தில் கோட்டுக்கு மேலே உயிரோடு உட்கார்ந்திருந்த அந்தப் புள்ளியை இரண்டு நாள் வெறித்துவிட்டு அழித்தார். நீக்கியதற்கான காரணம் என்ற கட்டத்தில், 'நோயாளி ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினார். போஸ்டரில் ஐம்பதின் மேல் நாற்பத்தொன்பது என்று ஒரு ஸ்டிக்கர் ஏறியது.

சாதாரண வார்டுக்கு மாற்றிய அன்று டிரைவரின் மனைவி லேபைத் தேடிக்கொண்டு வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க நடந்து கொண்டுவந்தீங்களாமே. டாக்டரம்மா சொன்னாங்க." எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏதோ என் வேலையைத்தான் செய்தேன் என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாங்க வந்த அன்னைக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு வாத்தியார் இருந்தாரும்மா. அவர் பொண்ணு எங்கூடத்தான் பெஞ்சுல உக்காந்திருந்தா. மறுநாள் மெஷினை எடுத்துட்டாங்க. நேத்து போன் பண்ணினா, இவர் எழுந்துட்டார்னு சொன்னதும் அவ்வளவு சந்தோஷப்பட்டா." என் கையை இன்னும் விடவில்லை. "அவங்க அப்பாவுக்கும் நீங்கதானே நடந்து கொண்டுவந்தீங்க?"

நாற்பத்தொன்பதாவது ஆள். எண் எண்பத்தெட்டு. சிவந்த சீரம். எழுதிக் கொடுத்தது நான்.

"இல்லம்மா," என்றேன். "அது குழாயில வந்தது."