இடுப்பளவுக் கோடு

ஆலைக்குப் பின்னாலிருந்த மூட்டைக்கொட்டிலில் அன்று காலை கூடியிருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடமும் இப்படி: இருந்த ஒரே நாற்காலியில், ஆலைக் கணக்குப் பார்க்கிற கிராணி அம்பலவாணர். அவருக்கு வலப்பக்கம், எடைத்தராசின் பலகைமேல், ஆள்களை வேலைக்கு ஏவுகிற மண்டோர் பரமசிவம். எதிரே, கோதுமை மூட்டைகளின்மேல் சுமைகாரர்கள் ஒன்பது பேர். அவர்களில் கடைசி மூட்டையில் இருந்தவன் மருதப்பன். வாசலோரம் கவிழ்த்துப் போட்ட கூடையில் கோதுமை சலிக்கும் அன்னம்மா.

பத்தாவது சுமைகாரன் செல்லக்கண்ணு மட்டும் உட்காரவில்லை. தூணில் தோளைச் சாய்த்து நின்றிருந்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கும்போது கை தானாக இடுப்புக்குப் போகும். அதை இத்தனை பேரும் பார்ப்பார்கள்.

இடுப்பு போய் நாலைந்து மாதமாகிறது. ஆலையில் அது யாருக்கும் தெரியாது என்பது அவன் நம்பிக்கை. தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் ஊரிலிருக்கிற மனைவி முத்தாயிக்கு என்ன சொல்வது? இருக்கிற ஆட்டை விற்றுவிட்டு அவளையும் மகளையும் ஆவணிக் கப்பலில் ஏற்றி அனுப்பட்டுமா என்று மச்சினன் நாகப்பட்டினத்திலிருந்து கேட்டிருக்கிறான். இவன் இன்னும் பதில் போடவில்லை.

"கேளுங்கோ," என்றார் அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக்காரர், கோபமோ குழைவோ, எல்லாம் அவருக்கு ஒரே குரல்தான். "இனிமேல் தரையில கிடக்கிற மூட்டையை ஒருத்தரும் குனிஞ்சு வாங்கப்படாது. இதில ஒரு மேடை கட்டப்போறம். வண்டியில இருந்து மூட்டை நேரே மேடைக்கு உருண்டு வரும். நீங்கள் மேடைக்கு முதுகைக் காட்டி, நிமிர்ந்து நிண்டு, மூட்டையைச் சாய்ச்சுக்கொண்டு நடக்கவேண்டியதுதான். திரும்பவேணுமெண்டால் காலை எடுத்து வைச்சுத் திரும்புங்கோ. இடுப்பை முறுக்காதேங்கோ."

அதுவரை அந்த ஆலையில் இருந்த முறை வேறு. இரண்டு பேர் மூட்டையின் இரு நுனியையும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டி எறிவார்கள். சுமக்கிறவன் வில்லாக வளைந்து அதை முதுகில் வாங்குவான். வாங்கிய வேகத்திலேயே இடுப்பைத் திருப்பி ஓடுவான். அப்படி ஓடுகிறவன்தான் ஆள் என்று பெயர்.

"மேடை வந்துட்டா ஏத்திவிடுற ரெண்டு பேருக்கு என்னங்க வேலை?" என்று மூட்டைமேலிருந்து ஒருவன் கேட்டான்.

"அவையளும் சுமக்கட்டும். எல்லாருக்கும் நடை குறையும்."

"நடை குறையுமா, ஆள் குறையுமா?" என்றாள் அன்னம்மா. கொட்டில் சிரித்தது. கிராணி சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார்.

ஒவ்வொருவனையும் ஒவ்வொரு தூணில் முதுகு ஒட்ட நிற்கவைத்து, இடுப்பெலும்பு வரும் இடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். மேடையின் உயரத்தை முடிவு செய்யத்தானாம். மறுநாள் காலை தச்சன் வந்து அளந்துகொள்வானாம். செல்லக்கண்ணுவின் முறை வந்தது. அவன் மூச்சைப் பிடித்து நிமிர்ந்து பார்த்தான். முழங்காலை மடக்கினால்தான் முதுகு தூணில் ஒட்டியது. இழுத்த கோடு, அவன் உயரமே இருக்கிற மற்றவர்களின் கோட்டைவிட ஒரு சாண் தாழ்ந்து விழுந்தது. கிராணி கோட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "ம்" என்றார். அடுத்த தூணுக்குப் போய்விட்டார்.

அந்த 'ம்' அன்று முழுவதும் அவன் காதைவிட்டுப் போகவில்லை.

"கோடு எதுக்குப் போடுவாங்கன்னு நமக்குத் தெரியாதா?" என்று பகல் கஞ்சி நேரத்தில் ஒருவன் தொடங்கினான். ஆலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாட்டுப்பட்டி. அறுப்புக்கு எடுத்த மாட்டுக்கு வியாபாரி இடுப்பில்தான் சுண்ணாம்புக் கோடு இழுப்பான். கோடு விழுந்த மாடு சாயங்காலம் பட்டிக்குத் திரும்பாது. தேக்காவில் குடியிருக்கிற சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

"மாட்டுக்கு மாட்டுமேல போடுவான். நமக்குத் தூணுமேல போட்டிருக்கான். அதான் மரியாதை," என்றாள் அன்னம்மா.

"வாயை வச்சுகிட்டுச் சும்மா இரு லா," என்று மண்டோர் அதட்டினார். ஆனால் அவர் அதட்டலில் வழக்கமான உறைப்பு இல்லை என்பதைச் செல்லக்கண்ணு கவனித்தான். மண்டோருக்கும் ஏதோ தெரியும்.

அவனைக் குடைந்தது வேறொன்று. தன் இடுப்பைப் பற்றிக் கிராணிக்கு யார் சொல்லியிருப்பார்கள்? சுமக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறான். ஒரு நாள்கூடப் பின்தங்கவில்லை. அறைக்குப் போனபின்தான் தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறான். அதைப் பார்த்தவன் ஒருவன்தான். அதே அறையில், அடுத்த பாயில் படுக்கிற மருதப்பன்.

குழாயடியில் கை கழுவும்போது மெதுவாகக் கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை எங்கடா போயிருந்தே?"

"சும்மாதான்ணே. கோயில் பக்கம்."

"பூசை நல்லா நடந்துச்சா?"

"நடந்துச்சு, நடந்துச்சு." மருதப்பன் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான். வேண்டியதற்கு மேலேயே அடித்துக்கொண்டான்.

பக்கத்தில் குடத்தை வைத்துக்கொண்டு நின்ற அன்னம்மா, அவன் போனதும் சொன்னாள்: "கிராணி வூட்டுல எப்பத் தம்பி கோயில் கட்டுனாங்க? ஞாயித்துக்கிழமை இவன் அங்கேருந்துல்ல வெளிய வந்தான்? நான் டிராம் ரோட்டோரம் கருவாடு வாங்கிட்டு நின்னேன், என்னைப் பார்த்ததும் தலையைக் குனிஞ்சுகிட்டான்."

செல்லக்கண்ணு கழுவிய கையையே மறுபடி கழுவினான். ஒரே பானையில் சோறு தின்கிறவன்!

பொழுது சாயும் நேரம் துண்டை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஆலைக்குத் திரும்பினான். கொட்டிலில் ஆளில்லை. அன்னம்மா மட்டும் மூலையில் சலித்த கோதுமையைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். துண்டின் நுனியை எச்சிலால் நனைத்துத் தன் தூணிலிருந்த கோட்டை அழித்தான். தரையில் கிடந்த சுண்ணாம்புத் துண்டால் ஒரு சாண் மேலே புதுக்கோடு இழுத்தான். போதுமா என்று பார்த்தான். பயத்தில் அதையும் அழித்து இன்னும் நாலு விரல் ஏற்றினான்.

தச்சன் வந்து அளந்து, பலகை அடிக்க, மேடை நின்றது. முதல் வண்டி வந்த காலையில் கிராணியும் வந்து நின்றார்.

"செல்லக்கண்ணு, நீர் முதல்ல வாரும்."

ஏன் என்னை? என்று உள்ளே கேட்டுக்கொண்டே போய் முதுகைக் காட்டி நின்றான். மேடையின் விளிம்பு இடுப்பளவில் இல்லை. தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே இடித்தது. மேலே நின்றவர்கள் மூட்டையைச் சாய்த்தார்கள். முதுகில் இறங்க வேண்டிய கனம் பிடரியில் இறங்கியது. தலை முன்னே போயிற்று. ஒரு முழங்கால் தரையில் மோத, மூட்டை அவனைத் தாண்டி விழுந்து வாய் பிளந்தது. கோதுமை வாசல்வரை ஓடியது.

எழுந்தான். கை இடுப்புக்குப் போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

அம்பலவாணர் அவனைப் பார்க்கவில்லை. மேடையையே பார்த்தார். அருகே போய் நின்று, தன் நெஞ்சோடு அதை ஒத்துப் பார்த்தார். பிறகு தூண்களைப் பார்த்தார்.

"நான் போட்டது இடுப்புக்கு. இது நெஞ்சுக்கு நிக்குது. ஆர் இந்தக் கோட்டில கை வைச்சது?"

கிராணி மண்டோர் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்குப் பின்னேரம் கொட்டில் கூட்டினது ஆர்?"

மண்டோர் மருதப்பனைக் காட்டினார். கூட்டுகிற முறை அன்று அவனுடையது.

"நீரோ?" கிராணியின் ஒரே குரல் முதல்முறையாக உயர்ந்தது. "வீடு தேடி வந்து அவ்வளவு கதைச்சுப்போட்டு, இந்த வேலையோ செய்தனீர்? துண்டை எடுத்துக்கொண்டு வெளியில நடவும்!"

மருதப்பன் தன் துண்டு கிடந்த பக்கம் திரும்பினான்.

செல்லக்கண்ணு நினைத்துப் பார்த்தான். பேசாமல் இருந்தால் போதும். காட்டிக்கொடுத்தவன் போய்விடுவான். தவிட்டு ஒத்தடத்தைப் பார்த்த ஒரே கண்ணும் அவனோடு போய்விடும். ஆவணிக் கப்பலுக்குப் பதில் போட்டுவிடலாம். மருதப்பன் துண்டை எடுக்கக் குனிந்தான். குனிந்தவன் பாதியில் நின்று, ஒரு கையைத் தொடையில் ஊன்றி, பக்கவாட்டில் நெளிந்து எழுந்தான். அந்த நெளிவு செல்லக்கண்ணுவுக்குத் தெரியும். ஒவ்வொரு விடியலிலும் தன் பாயிலிருந்து செல்லக்கண்ணு எழுந்திருப்பதும் அப்படித்தான்.

"அவன் இல்லீங்க," என்றான். "நான்தான் அழிச்சேன்."

"நீரோ? ஏன்?"

"கோடு தாழ்வா விழுந்துச்சு. இடுப்பு போனவன்னு கணக்குத் தீர்த்து அனுப்பிடுவீங்கன்னு..."

கிராணி பத்துத் தூண்களையும் ஒருமுறை சுற்றிவந்தார். "நீர் ஒருதர் உம்முடைய கோட்டை ஏத்தினால் மேடை இவ்வளவு உயராது. எல்லாக் கோடும் ஒரே உயரத்தில நிக்குது. உங்களில குள்ளனே இல்லையோ?"

அப்போது வாசலோரக் கூடையிலிருந்து அன்னம்மா வெடித்தாள். "இவன் மட்டுமாங்க அழிச்சான்? இவன் துண்டை மறந்தான், அடுத்தவன் வெத்தலைப்பையை மறந்தான், இன்னொருத்தன் எதை மறந்தோம்னே தெரியாம வந்தான். ஒருத்தன் போக ஒருத்தன் வந்து எச்சில் தொட்டு எச்சில் தொட்டு அழிச்சானுவ. நான் திரும்பியே பார்க்கல, எனக்கெதுக்கு வம்பு? தூணெல்லாம் ஒரே நாள்ல வளந்துருச்சு!"

முதலில் சிரித்தவர் மண்டோர். பிறகு ஒவ்வொருவனாக அடுத்தவன் முகத்தைப் பார்த்தான். உனக்குமா? எத்தனை நாளா? ஒருவன் வேட்டியை இறக்கி, வரிந்து கட்டியிருந்த துணிச்சுற்றைக் காட்டினான். அதற்குள் மருந்திலை வாடியிருந்தது. இன்னொருவன், தான் ஓடுவது வேகத்தினால் அல்ல, நின்றால் வலி பிடித்துக்கொள்ளும் என்பதனால் என்றான். ஆளென்று பெயர் வாங்கியவன் அவன்தான்.

"விசரங்கள்," என்றார் அம்பலவாணர். "போன வருசம் ரெண்டு பேர் நாரியெலும்பு முறிஞ்சு விழுந்தாங்கள். அந்த இடத்துக்கு எடுத்த புது ஆக்கள் ஒரு மாசத்தில எத்தினை மூட்டை கிழிச்சாங்கள் எண்டு தெரியுமோ? முதலாளி என்னைத்தான் பிடிச்சவர். வேலை தெரிஞ்ச உங்களை அனுப்பிப்போட்டு நான் ஆரை வைச்சு ஆலை நடத்துறது? தச்சனைக் கூப்பிடுங்கோ, மேடைக் காலை வெட்டட்டும். எல்லாரும் திரும்ப வந்து நில்லுங்கோ. வளைஞ்சவன் வளைஞ்சபடியே நில்லுங்கோ. மூட்டையை வாங்கப்போறது அந்த முதுகுதானே?"

உங்கள்மேல் உள்ள அன்பினால் செய்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் செல்லக்கண்ணு நம்பியிருக்கமாட்டான். முதலாளியிடம் வாங்கிய திட்டு என்பதனால் பாதி நம்பினான்.

மேடையின் கால் வெட்டப்பட்டது. மறுநாள் முதல் மூட்டை முதுகில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. குனியவில்லை, முறுக்கவில்லை, காலை எடுத்துவைத்துத் திரும்பினான். வலி போய்விடவில்லை. புதிதாக ஏறவும் இல்லை. ஒரு வாரம் பார்த்தான், இன்று அனுப்புவார்கள், நாளை அனுப்புவார்கள் என்று. ஒருவனையும் அனுப்பவில்லை.

ஓய்வில் மருதப்பனிடம் கேட்டான். "அவர் வூட்டுக்கு எதுக்குடா போனே?"

"என்னைப் பத்திச் சொல்லத்தாண்ணே. தாங்க முடியல. வேற எளிய வேலை குடுங்கன்னு கேட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க ஒத்தடம் குடுத்துகிட்டே விடிஞ்சதும் சிங்கமாட்டம் ஓடுறீங்க. சிரிப்பீங்கன்னு நினைச்சேன்."

"என் பேரை எடுத்தியா?"

"உங்க பேரா? சாமி சத்தியமா இல்ல."

இதையும் பாதி நம்பினான். ஆனால் அன்று இருவருக்கும் சேர்த்துத் தவிடு வறுத்தான்.

சனிக்கிழமை பகல் சிராங்கூன் ரோட்டில், நடைபாதைத் தூணோரம் பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் கடிதம் எழுதுகிற சேதுபதியிடம் போனான்.

"முத்தாயியையும் புள்ளையையும் ஆவணிக் கப்பல்ல ஏத்தி வுடச் சொல்லி எழுதுங்க. வேலை இருக்கு. உடம்பு..." நின்றான். "உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதாதீங்க. இடுப்புல வலி, ஆனா வேலை நடக்குதுன்னு எழுதுங்க."

"வேறே?"

"ஆட்டை விக்க வேணாம். மச்சினன் வூட்டுலயே நிக்கட்டும்."

"வர்றவங்க ஆட்டை ஏன் நிறுத்திட்டு வரணும்?"

"நிக்கட்டும்னு எழுதுங்க. இங்கே எது எத்தனை நாளைக்குன்னு யாருக்குத் தெரியும்?"

சேதுபதி எழுதி, படித்துக் காட்டி, மடித்து உறையிலிட்டு ஓரத்தில் பசை தடவினார். செல்லக்கண்ணு அதை வாங்கி, ஒட்டிய இடத்தை விரலால் ஒருமுறை நெருடிப் பார்த்தான். போதவில்லை. இன்னொரு தரம் பசை தடவச் சொன்னான். தபால்தலை ஒட்டினதும் சிவப்புப் பெட்டிவரை தானே நடந்துபோய் உள்ளே போட்டான். விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் கையை எடுத்தான்.